ஏற எஞ்சின், இறங்க கியர்: பண்டாரவளை டீச்சரின் கேள்வி

வணக்கம். பண்டாரவளையிலிருந்து ஒரு டீச்சர் கேள்வி அனுப்பியிருக்கிறார். இரண்டு நாளாக அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. வாசிக்கிறேன்: "பாவித்த கார் ஒன்று வாங்கப் போகிறோம். 2012 பிஎம்டபிள்யூ 520டி டீசல் ஒன்றும் டொயோட்டா பிரிமியோ 1.5 பெற்றோல் ஒன்றும் கைக்கு எட்டுகிற விலையில் இருக்கின்றன. எந்த எஞ்சின் நல்லது சேர்? பள்ளிக்கூடம் 5 கிலோமீற்றர். இரண்டுமே தானாகக் கியர் மாறுகிற ஒட்டோ என்பதால் கியரைப் பற்றி யோசனை இல்லை."

அந்தக் கடைசி வரிதான். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்குகிற மலைப்பாதையில், இறம்பொடையில் குடியிருக்கிற எனக்கா இதை அனுப்பினீர்கள் டீச்சர்?

சரி, கேட்டதற்கு முதலில் பதில். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீற்றர் ஏறினால் பலத்தில் பத்தில் ஒரு பங்கை இழக்கும், காற்று மெலிந்துவிடுகிறது, அவ்வளவுதான் காரணம். ஆகவே கொழும்பில் 110 குதிரைவலுவாக இருக்கிற பிரிமியோ, நுவரெலியாவில் 90 சொச்சம்தான். 520டிக்கு டர்போ காற்றை அமுக்கிக் கொடுப்பதால் அதன் 184இல் பெரிதாக ஒன்றும் குறையாது. ஏற்றத்தில் அது ராஜா, மறுக்கவே முடியாது.

ஆனால் தினம் 5 கிலோமீற்றர் என்கிறீர்கள். அந்த டீசலின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கிற ஒரு வடிகட்டி இருக்கிறது, அது சூடேறி, பிடித்த கரியைத் தானே எரித்தால்தான் சுத்தமாகும், அதற்கு நீண்ட ஓட்டம் வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிற ஓட்டத்தில் அது சூடாவதற்குள் மணி அடித்துவிடும். இன்னொன்று, 2012 வண்டியில் இருப்பது என்47 எஞ்சின். அதன் டைமிங் செயின், அதாவது எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கிற சங்கிலி, பின்பக்கம், கியர்பெட்டியை ஒட்டி இருக்கிறது. தேய்ந்தால் எஞ்சினையே இறக்க வேண்டும். அதனால் பார்க்கப் போவதென்றால் காலை ஆறு மணிக்குப் போங்கள், முதலில் போனட்டில் கை வையுங்கள், ஜில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் பண்ணி வைத்துவிட்டார்கள். குளிர்ந்த எஞ்சினில் முதல் சில நொடிகள் பின்பக்கமிருந்து உரசுகிற, சலசலக்கிற சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள்.

அப்புறம் கியர். பழைய ஆட்களுக்கு என் மாமா கதை தெரியும், புதிதாக வந்தவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். மாமா இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் ஓட்டினவர், நுவரெலியாவுக்கும் கம்பளைக்கும் இடையில். எந்தக் கியரில் ஏறினாரோ அதே கியரில்தான் இறங்குவார். பஸ் முனகிக்கொண்டே இறங்கும், பின்னால் வருகிற ஆட்கள் ஹோர்ன் அடித்துத் திட்டுவார்கள், அவர் வெற்றிலையை மென்றுகொண்டு இருப்பார். இப்போது இங்கே பின்னேரம் வந்து நின்று பாருங்கள், மேலேயிருந்து வருகிற வேன்கள் வரிசையாக ஓரம் கட்டி நிற்கும், சில்லிலிருந்து புகை, ஒருவர் போத்தலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருப்பார். அத்தனையும் ஒட்டோ கியர். கியர் லீவரை டியில் (டிரைவில்) போட்டுவிட்டு முழு மலையையும் பிரேக்கிலேயே இறங்கி வந்திருக்கிறார்கள். பிரேக் ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஏற எஞ்சின், இறங்க கியர் என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்வது இதற்குத்தான்.

ஒட்டோ என்றால் எல்லாம் ஒன்றல்ல. 520டியில் இருப்பது இசட்எஃப் எட்டு கியர் பெட்டி. லீவரை இடப்பக்கம் தள்ளி இரண்டாம் கியரில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும், மாமாவின் பஸ் மாதிரியே. 2007க்குப் பிந்திய பிரிமியோவில் சிவிடி, அதாவது கியர்ச் சக்கரங்களுக்குப் பதிலாக பெல்ட்டும் இரண்டு கப்பியும். டொயோட்டா சிவிடி வண்டிகள் பலவற்றில் டிக்குக் கீழே எஸ், பி என்று இருக்கும், இறக்கத்துக்கு அந்தப் பி. பத்து வருடம் ஓட்டியும் அதைத் தொடாத ஆட்கள் எனக்குத் தெரியும். அவுடி ஏ4 கேட்டு எழுதிய ஹட்டன் தம்பிக்கும் இதே பதில்தான்: 2008க்கும் 2015க்கும் இடைப்பட்ட அந்த மொடலில், முன்சில்லு இழுக்கிற ஒட்டோவுக்கு சிவிடி, நாலு சில்லும் இழுக்கிற குவாட்ரோவுக்கு வேறு கியர்பெட்டி. வெளியே பார்த்தால் ஒரே கார்.

ஒரு கராஜில் எனக்கே சொன்னார்கள், "இந்த கியர்பெட்டிக்கு ஆயுளுக்கும் ஒயில் மாற்றத் தேவையில்லை" என்று. நம்பினேன், இரண்டு வருடத்தில் கியர் உதைக்க ஆரம்பித்தது. என் அப்பா தேயிலை பக்டரியில் மெக்கானிக், ரோலர் கியருக்குத் தேதி குறித்து ஒயில் மாற்றினவர், அவருடைய மகன் ஏமாந்தேன் பாருங்கள். கியர்பெட்டி செய்கிற இசட்எஃப் கம்பனியே 80,000க்கும் 120,000 கிலோமீற்றருக்கும் இடையில் மாற்றச் சொல்கிறது. சிவிடிக்கு சிவிடி ஒயில்தான், சாதாரண ஒட்டோ ஒயில் ஊற்றினால் கதை முடிந்தது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் இருக்கிற வண்டிகளே கைமாறிக் கைமாறி வந்தன. மீற்றரை நம்பாதீர்கள், கியர் ஒயில் பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

முடிவாக, பள்ளிக்கூடம் மட்டும் என்றால் பிரிமியோவை எடுங்கள் டீச்சர், ஏற்றத்தில் கொஞ்சம் முக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாரா வாரம் கொழும்புப் பயணம் இருந்து, பில்லும் இருந்து, காலையில் சத்தமும் இல்லையென்றால் 520டியைப் பார்க்கலாம். எதுவானாலும் காசு கொடுப்பதற்கு முன் ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு ஒரு தடவை இறங்கிப் பார்க்க வேண்டும். அடுத்த மாதம் எனக்கு அந்தப் பக்கம் ஒரு கலியாண வீடு இருக்கிறது, நாளைச் சொன்னால் நானே வந்து ஓட்டிப் பார்க்கிறேன்.