தேயிலைக்கு நடுவே ஒரு துண்டுக் காடு

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

மழைக்காடு என்று தலைப்புக் கொடுத்ததும் அமேசானைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அங்கே 2004-இல் ஒரே ஆண்டில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு போனது; 2012-இல் அதை 5,000-க்கும் கீழே இறக்கிக் காட்டினார்கள். பெரிய கதை அது, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இந்தப் பொள்ளாச்சியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலையில் ஒரு மழைக்காடு இருக்கிறதே, அதைப் பேசுவோம். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. நான் பிறந்தது அங்கே ஓர் எஸ்டேட் லைன் வீட்டில்.

சின்ன வயதில் தேயிலைதான் காடு என்று நம்பிக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை, வேறென்ன வேண்டும்? இன்றும் சுற்றுலா வருகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி, "என்ன ஓர் இயற்கை!" என்று போட்டோ எடுக்கிறார்கள். அவர்கள் படம் பிடிப்பது காடு இருந்த இடத்தை.

வால்பாறைப் பீடபூமி ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். 1890-களில் வெள்ளைக்காரர்கள் காப்பி போட வந்தார்கள், அப்புறம் தேயிலை. நாற்பது, ஐம்பது ஆண்டுக்குள் பெரும்பகுதிக் காடு மொட்டை. மலைப்பாதையில், இங்கே தோட்டம் போட்ட முன்னோடி கார்வர் மார்ஷ் துரைக்குச் சிலை நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். கோடாரி பிடித்தது கங்காணிகள் சமவெளியிலிருந்து கூட்டிப்போன ஜனம். அட்டைக்கடி, குளிர், மலேரியா எல்லாம் அவர்களுக்கு. சிலை மட்டும் துரைக்கு. காட்டை அழித்தது யார் என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வந்துவிடும்.

மொட்டை அடித்ததிலும் மிச்சம் இருந்தது. செங்குத்துச் சரிவு, ஓடைக்கரை, விறகுக்கு விட்டுவைத்த இடம், ஏலக்காய் போட்ட நிழல் என்று ஆங்காங்கே துண்டுதுண்டாகச் சோலைகள். இவற்றில் பல இன்றும் தேயிலைக் கம்பெனிகளின் கையில் இருப்பவை. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்துக் காடுகளும் விரிந்து கிடக்க, நடுவே தேயிலைக் கடல். அதற்குள் தீவுகளாக இந்தச் சோலைகள்.

துண்டுக் காட்டுக்கு ஒரு நோய் உண்டு. ஓரம் அதிகம், உள்ளே குறைவு. ஓரத்தில் வெயில் ஏறும், காற்று அடிக்கும், ஈரம் காயும். பெரிய மரம் ஒன்று சாய்ந்தால் அந்த ஓட்டையில் உன்னிச்செடி புகுந்து புதராகிவிடும். தோட்டத்துக் காப்பிச் செடியே விதை பரப்பிக் காட்டுக்குள் முளைக்கிறது. கீழே விழும் காட்டு மர விதை அந்தப் புதரைத் தாண்டி எழ முடியாது. கோடாரியே படாமல் ஒரு காடு இப்படி மெல்லக் கரைந்து போகலாம்.

"சரி, மரம் நட்டால் போச்சு" என்பீர்கள். எந்த மரம்? பக்கத்து டாப்ஸ்லிப்பில் ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரி நூறு வருஷத்துக்கு முன் தேக்கு வளர்த்தார். வெட்டிய இடத்தில் திரும்ப நட வேண்டும் என்று அந்தக் காலத்தில் பிடிவாதமாக நின்ற மனிதர். அவர் கல்லறையும் அங்கேயேதான் இருக்கிறது. எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் தேக்குத் தோப்பு தேக்குத் தோப்புதான். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதில் இருவாச்சிப் பறவைக்குத் தின்னப் பழமும் கிடையாது, கூடு வைக்கப் பொந்தும் கிடையாது.

இருவாச்சி என்றேன். பெட்டை பெருமரத்துப் பொந்துக்குள் புகுந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று மட்டும் விட்டிருக்கும்; ஆண் அதன் வழியாகப் பழம் ஊட்ட வேண்டும். அத்தனை பெரிய பொந்து விழ மரத்துக்கு எத்தனை வயதாக வேண்டும், யோசித்துப் பாருங்கள். பெரிய விதையுள்ள பழங்களை விழுங்கி, தொலைவில் கொண்டுபோய்ப் போடும் பறவையும் இதுதான். மரம் போனால் பறவை போகும். பறவை போனால் அடுத்த மரத்தை விதைக்க ஆள் இல்லை.

2000-ஆம் ஆண்டை ஒட்டி நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்த திவ்யா முத்தப்பா, டி. ஆர். சங்கர் ராமன் இருவரும் வால்பாறையில் இந்தத் துண்டுகளைத் திரும்ப உயிர்ப்பிக்கும் வேலையில் இறங்கினார்கள். கம்பெனிகளிடம் பேசி, சோலைகளை விட்டுவைக்க ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அப்புறம் நாற்றங்கால். மழைக்காட்டு விதை நெல் மாதிரி குதிரில் கிடக்காது. பல இனங்களின் விதை காய்ந்தால் செத்துவிடும். பழுத்து விழும் பருவம் பார்த்துப் பொறுக்கி, சீக்கிரமே பையில் ஊன்ற வேண்டும். தார் ரோட்டில் விழுந்து டயரில் நசுங்கப் போகும் விதையைப் பொறுக்கினால் காட்டுக்கும் நஷ்டம் இல்லை. வெடிப்பலா, குங்கிலியம், நாங்கு, காட்டு நாவல் என்று நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை அப்படி வளர்த்தார்கள். உன்னிப் புதரைக் கையால் பிடுங்கி, தானாக முளைத்திருக்கும் காட்டுக் கன்றை மட்டும் விட்டு, தென்மேற்குப் பருவமழை பிடிக்கிற சமயத்தில் நடுவார்கள். நட்ட பிறகும் இரண்டு மூன்று வருஷம் களை எடுக்க வேண்டும். மரம் நடு விழா என்று போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிப்போகிற வேலை இல்லை இது.

பலன் உண்டா? ஏழிலிருந்து பதினைந்து வருஷம் கழித்து அளந்து பார்த்தார்கள். அப்படியே விட்டுவைத்த இடங்களைவிட நட்டுப் பராமரித்த இடங்களில் மரங்கள் அடர்ந்திருந்தன, நிழல் கூடியிருந்தது, மரங்களில் சேர்ந்த கரியும் (கார்பன்) அதிகம். பழைய காட்டுக்கு இன்னும் ரொம்ப தூரம் என்பதும் அதே அளவையில் தெரிந்தது.

புதுத்தோட்டம் சோலையில் சிங்கவால் குரங்குகள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். வெடிப்பலாவின் முள் காயைப் பிரித்து விதையைத் தின்னும். மரத்தை விட்டு இறங்கவே விரும்பாது. நடுவே ரோடு போட்டுக் கிளைத் தொடர்பை அறுத்துவிட்டோம்; இறங்கிக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் செத்தன. பழைய ஹோஸ் குழாய்களைப் பின்னி, ரோட்டுக்கு மேலே இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்குப் பாலம் கட்டினார்கள். குரங்குகள் முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தன. இப்போது குட்டியை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு போகின்றன. அதே குரங்கு என் சித்தி வீட்டு அடுப்படியில் புகுந்து சோற்றுப் பானையைத் தூக்கிப்போனதும் உண்டு. சித்தியிடம் போய் அரிய உயிரினம் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இந்தக் காட்டிலேயே பரம்பரையாக வாழும் காடர்களை ஒதுக்கிவிட்டு எந்தத் திட்டமும் நிற்காது. கல்லாறு காடர் குடியிருப்பை 2019-இல் மண்சரிவு தாக்கியது. அதற்கு மாற்றாகத் தெப்பக்குளமேட்டில் நிலம் பெற அவர்கள் போராட வேண்டியிருந்தது. புலிக்கு வரைபடம் போட்ட நாட்டில் இதற்கு ஏன் இத்தனை இழுபறி என்று எனக்குக் கோபம் உண்டு.

கடைசியாக யானை. வருஷத்துக்கு நூறு யானை வரை பீடபூமி வழியாகப் போய்வருகின்றன. பகலில் ஆற்றோரச் சோலையில் படுக்கை, இரவில் தேயிலை வழியே நடை. ரேஷன் கடையிலும் சத்துணவுக் கூடத்திலும் அரிசி வாசனை இழுக்கும். யானையிடம் சிக்கிச் செத்த மனிதர்களில் பெரும்பாலோர் யானை பக்கத்தில் நிற்பதே தெரியாமல் இருட்டில் அதன் மேல் போய் முட்டிக்கொண்டவர்கள். எம். ஆனந்த குமார் என்ற ஆய்வாளர் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். முதலில் கேபிள் டிவியில் ஓடும் வரிச்செய்தி, 2011-இலிருந்து செல்போனுக்குக் குறுஞ்செய்தி: இன்ன எஸ்டேட்டில் இன்ன இடத்தில் யானை. முக்கியமான திருப்பங்களில் சிவப்பு விளக்குகள். அந்தப் பகுதியில் யானை நின்றால், உள்ளூர்க்காரர் ஒருவர் தன் போனிலிருந்தே விளக்கைப் போட்டுவிடுவார். இதற்காக 2015-இல் ஆனந்த குமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விட்லி விருது கிடைத்தது.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் கடைசி பஸ்ஸை விட்டு இறங்கினோம். திருப்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. கொழுந்து பறித்துவிட்டு வந்த அக்கா ஒருவர் அதைப் பார்த்தார், கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார். "நாலஞ்சு உருப்படி நிக்குது போல. போவட்டும், நமக்கென்ன அவசரம்" என்றார். நானும் உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன்.