சொற்களின் பிறந்தகமும் புகுந்தகமும்

வானொலி நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

ஆங்கிலத்தில் ஓரளவு படிக்கவும் பேசவும் பழகிய பிறகும், ஒரு தலையங்கத்தையோ ஆய்வுக் கட்டுரையையோ கையில் எடுத்தால் வரிக்கு ஒரு சொல் வந்து வழிமறிக்கிறது என்று பலர் என்னிடம் வருந்துவதுண்டு. நாளுக்குப் பத்துச் சொல் என்று அகராதியிலிருந்து மனப்பாடம் செய்வதே அவர்கள் கைக்கொள்ளும் வழியாக இருக்கிறது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற முறையில், அது நிலைத்துப் பார்த்ததில்லை. உற்றார் உறவினர் யாரென்று தெரியாமல் தனித்தனியாக வந்து நிற்கும் முகங்களை எவராலும் நெடுநாள் நினைவில் வைத்திருக்க முடியாது. சொற்களும் அப்படித்தான்; ஒரு சொல் எம்மொழியில் பிறந்தது, எப்படி ஆங்கிலத்தில் புகுந்தது, அதன் உறவுச் சொற்கள் எவை என்று தெரிந்தால் அது மனத்தில் நிற்கும்.

ஆங்கிலத்தின் அன்றாடச் சொற்களில் பெரும்பாலானவை பழைய ஜெர்மானிய வழியில் வந்தவை. 1066ஆம் ஆண்டு பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி அமர்ந்தது; பின்னர் மறுமலர்ச்சிக் காலத்தில் லத்தீன், கிரேக்கச் சொற்கள் அறிஞர்களின் எழுத்து வழியாகப் பெருமளவில் நுழைந்தன. நாம் கடினமானவை என்று அஞ்சும் சொற்களில் பெரும்பகுதி இவ்வாறு புகுந்தவையே. 'ஆஸ்க்' என்பது பழைய ஆங்கிலம், 'கொஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டராகேட்' லத்தீன் வழி வந்தது. மூன்றுக்கும் கேட்பது என்பதே பொருள் என்றாலும், ஒன்றிருக்கும் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. இந்த உணர்வு நமக்குப் புதிதன்று. காவலர் ஒருவரைக் 'கேட்டார்' என்பதற்கும் 'விசாரித்தார்' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று சொற்களை நான்காகப் பகுத்துப் பார்க்கத் தொல்காப்பியமே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அதே கண்ணோடு ஆங்கிலத்தையும் பார்க்கலாம் என்பதே என் வேண்டுகோள்.

தமிழ்வழியில் அறிவியல் படித்தவர்கள், ஆங்கிலச் சொல்வளத்தில் தாங்கள் பின்தங்கிவிட்டதாக எண்ணிக் கூசுகிறார்கள். உண்மையில் கிரேக்க வேர்களின் பொருள் அவர்களிடம் முன்பே இருக்கிறது. 'போட்டோசிந்தசிஸ்' என்ற சொல்லை ஒளிச்சேர்க்கை என்று படித்தவருக்கு, 'போட்டோ' என்றால் ஒளி, 'சிந்தசிஸ்' என்றால் சேர்க்கை என்பது கையிலேயே கிடைத்துவிடுகிறது. வெப்பமானியில் 'தெர்மோ' வெப்பமாகவும், 'மீட்டர்' மானியாகவும் நிற்கின்றன. நுண்ணோக்கி, தொலைநோக்கி இரண்டையும் அருகருகே வைத்தால் 'மைக்ரோ', 'டெலி', 'ஸ்கோப்' ஆகிய மூன்றும் விளங்கிவிடும். நம் கலைச்சொல்லாக்க அறிஞர்கள் பல இடங்களில் வேருக்கு வேர் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் பயனை நாம் இன்னும் முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை. 'ஹைப்போ' என்றால் கீழே என்று மட்டும் கூடுதலாகத் தெரிந்துகொண்டால், உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குத் தாழ்வதைக் குறிக்கும் 'ஹைப்போதெர்மியா' என்ற மருத்துவச் சொல் முதல் சந்திப்பிலேயே பொருள் தந்துவிடும்.

நாம் தமிழ் போலவே வழங்கிவரும் ஆங்கிலச் சொற்களும் இதற்கு உதவும். 'கிரெடிட் கார்டு' என்று சொல்லாதவர் இல்லை. நம்புதல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது 'கிரெடிட்'. திருப்பித் தருவார் என்று நம்பிக் கொடுப்பதால் அது கடனாயிற்று. அதே குடும்பத்தில் 'கிரெடிபிள்' என்றால் நம்பத்தக்கது. 'கிரெடுலஸ்' என்றால் எதையும் எளிதில் நம்பிவிடுபவர். படித்தவர்களும் இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். நம்பப்படுவது ஒன்று, நம்புகிறவர் மற்றொருவர் என்று பிரித்துப் பார்த்தால் அந்தக் குழப்பம் நீங்கிவிடும்.

ஆனால் பிறந்தகத்தை மட்டும் அறிந்தால் போதாது. புகுந்தகத்தில் அந்தச் சொல் எப்படி வாழ்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 'சீனியர்', 'செனட்', 'சீனைல்' ஆகிய மூன்றும் முதியவர் என்ற பொருளுடைய ஒரே லத்தீன் சொல்லின் வழிவந்தவை. என் மாணவி ஒருவர், தம் பாட்டியைப் பற்றிப் பாசத்தோடு எழுதிய கட்டுரையில் அவரைச் 'சீனைல்' என்று குறிப்பிட்டிருந்தார். முதுமை சார்ந்தது என்று அகராதியில் பார்த்துத்தான் எழுதியிருந்தார். முதுமையால் அறிவு தடுமாறியவர் என்பதே அச்சொல்லின் இன்றைய வழக்கு என்று விளக்கியபோது அவர் முகம் வாடியதை இன்றும் மறக்க முடியவில்லை. பிழை அவருடையதன்று, சொல்லை வாக்கியத்திலிருந்து பிரித்துக் கொடுத்த பட்டியலுடையது. நம் கட்டுமரமும் ஆங்கிலத்தில் புகுந்து 'கேட்டமரன்' ஆயிற்று. மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையைக் குறித்த அச்சொல், இன்று அங்கே பெரும்பாலும் இரட்டை உடல் கொண்ட படகையே குறிக்கிறது. தமிழ் தெரிந்த ஒரே காரணத்தால் அதன் ஆங்கிலப் பொருளை நாம் ஊகித்துவிட முடியாது.

ஒலிப்பிலும் பிறந்தகம் துணை நிற்கும். 'சி', 'எச்' என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து வருவதை எப்படி ஒலிப்பது என்று தடுமாறாதவர் குறைவு. பிரெஞ்சிலிருந்து இடைக்காலத்திலேயே வந்த 'சீஃப்', 'சேர்' போன்றவற்றில் அது சகர ஒலியாகவும், பின்னாளில் வந்த 'மெஷின்', 'பாரஷூட்' போன்றவற்றில் 'ஷ' என்றும், கிரேக்கத்திலிருந்து வந்த 'கெமிஸ்ட்ரி', 'கோரஸ்', 'ஆர்க்கிடெக்ட்' ஆகியவற்றில் ககரமாகவும் ஒலிக்கிறது. தலைவரைக் குறிக்கும் 'சீஃப்', தலைமைச் சமையற்காரரைக் குறிக்கும் 'ஷெஃப்' இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல்தான்; வெவ்வேறு நூற்றாண்டுகளில் வந்ததால் வெவ்வேறு ஒலியோடு தங்கிவிட்டன. விதிவிலக்குகள் உண்டு என்றாலும் அறிவியல், கலைச் சொற்களில் இந்த வழி பெரும்பாலும் கைகொடுக்கும்.

எனவே, நாளுக்கு ஒரு சொல் போதும். குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை அதற்கென்றே ஒதுக்கி, அதன் வேரையும் உறவுச் சொற்களையும் எழுதி, அவற்றுக்குக் கீழே நீங்கள் படித்த நூலிலோ இதழிலோ அச்சொல் வந்த வாக்கியத்தை முழுமையாகப் பெயர்த்தெழுதுங்கள். அடுத்த முறை அச்சொல்லை வேறோர் இடத்தில் காணும்போது அந்த வாக்கியத்தையும் அதே பக்கத்தில் சேருங்கள். மூன்று வாக்கியங்கள் சேர்ந்த பிறகு, நீங்களே ஒன்றை எழுதிப் பாருங்கள். அதற்கு முன் வேண்டாம்.

வணக்கம்.