மைக் ஏன் கூவுகிறது, ஃபார்வர்டு ஏன் பரவுகிறது

வணக்கம். இன்றைக்கு முதலில் ஒரு சத்தம் வரப்போகிறது. ஹெட்ஃபோன் போட்டிருப்பவர்கள் ஒரு நிமிடம் கழற்றி வையுங்கள்.

இதோ, இந்த மைக்கை ஸ்பீக்கருக்கு நேராக வைக்கிறேன். நான் எதுவும் பேசப்போவதில்லை. வால்யூமை மட்டும் மெதுவாக ஏற்றுகிறேன். ஒன்றுமில்லை... இன்னும் ஒன்றுமில்லை... இப்போது ஒரு மெல்லிய ரீங்காரம், கேட்கிறதா? இன்னும் ஒரு துளி ஏற்றினால்... சரி, சரி, அணைத்துவிட்டேன்.

மேடையில் மைக் இப்படிக் கூவுவதை எல்லாரும் கேட்டிருப்போம். ஆனால் இப்போது இங்கே கத்தியது யார்? யாருமே கத்தவில்லை. அறையில் இருந்த லேசான இரைச்சல் மைக்குக்குள் போனது, பெருகி ஸ்பீக்கர் வழியாக வந்தது, திரும்ப மைக்குக்குள் போனது. ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது அது புறப்பட்டதைவிடக் குறைந்திருந்தால் தானாக அடங்கிவிடும். கூடியிருந்தால் அடுத்த சுற்றில் இன்னும் கூடும், அதற்கடுத்த சுற்றில் அதைவிடக் கூடும். ஸ்பீக்கர் தன் எல்லையைத் தொடும்வரை ஏறும். இதைத்தான் நேர் பின்னூட்டம் என்கிறோம். ஒரு சுற்றுக்கு எத்தனை மடங்கு? அந்த எண் 1-க்குக் கீழே இருக்கிறதா, மேலே போய்விட்டதா? எல்லாம் அதில்தான் இருக்கிறது.

இதை அப்படியே ஒரு ஃபார்வர்டுக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செய்தியை முதலில் 100 பேர் பகிர்கிறார்கள். ஒவ்வொருவரின் பகிர்வும் சராசரியாக 0.9 புதிய பகிர்வைக் கிளப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100, 90, 81 என்று இறங்கிக்கொண்டே வந்து, மொத்தம் 1,000 பகிர்வோடு நின்றுவிடும். 0.99 என்றால்? மொத்தம் 10,000. அதுவும் ஒருநாள் நின்றுவிடும். ஆனால் 1.1 என்று வையுங்கள். ஐம்பதாவது சுற்றில் மட்டும் கிட்டத்தட்ட 11,700 பேர் பகிர்ந்துகொண்டிருப்பார்கள், இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும். எல்லாரும் பார்த்துத் தீர்ந்தால்தான் அடங்கும். 0.99-க்கும் 1.1-க்கும் இடையே செய்தியின் தரத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் தேவையில்லை. தலைப்பில் ஒரு சொல் மாறினால் போதும், ராத்திரிக்குப் பதில் மாலையில் வந்தால் போதும்.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. 2006-ல் மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். யாரும் அதிகம் கேட்டிராத 48 பாடல்கள், 14,341 பேர். சிலருக்கு மற்றவர்கள் எதை டவுன்லோடு செய்தார்கள் என்றே காட்டவில்லை. மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தின் டவுன்லோடு எண்ணிக்கையை மட்டும் காட்டினார்கள். அதாவது பின்னூட்டத்தைத் திறந்துவிட்டார்கள். பாடல்கள் அதேதான், ஆனால் ஓர் உலகத்தில் மேலே போனது இன்னோர் உலகத்தில் போகவில்லை. ரொம்ப நல்ல பாடல் அடிமட்டத்துக்குப் போகவில்லை, ரொம்ப மோசமானது உச்சிக்கு வரவில்லை. நடுவில் இருந்தவற்றுக்கு எது வேண்டுமானாலும் நடந்தது. ‘வைரல் ஆனது, அதனால் அதில் ஏதோ இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த எட்டு உலகங்கள்தான் ஞாபகம் வரும்.

அப்புறம், கூவலின் சுருதியைக் கவனித்தீர்களா? அது என் குரலின் சுருதி இல்லை. மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம், அறையின் சுவர்கள், ஸ்பீக்கரின் குணம், இவை சேர்ந்து எந்த அலையைத் தாளம் தப்பாமல் திருப்பி அனுப்புகின்றனவோ அதுதான் கூவும். செயலிகளிலும் இதைத்தான் பார்க்கிறேன். கோபமும் பயமும் நிறைய கமெண்டைக் கிளப்புகின்றன, நிறைய கமெண்ட் வாங்கியதை அல்காரிதம் இன்னும் பலருக்குக் காட்டுகிறது. அங்கே எழும் கூச்சலை வைத்து மக்கள் மனசை அளக்காதீர்கள். அதில் பாதி அறையின் சுருதி.

சரி, இப்போது நான் இந்த வீடியோ எடுத்ததற்கே காரணமான விஷயம். தாமதம்.

1942 டிசம்பர் 2. சிகாகோவில் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் குழு முதல் அணு உலையை இயக்கியது. அங்கேயும் ஒரு சுற்று உண்டு: ஓர் அணு பிளந்தால் நியூட்ரான் என்ற நுண்துகள்கள் வெளியே வரும், அவை அடுத்த அணுக்களைப் பிளக்கும். ஒரு தலைமுறை நியூட்ரான் அடுத்த தலைமுறையில் எத்தனை மடங்கு ஆகிறது என்ற எண் அன்று 1.0006. ஒன்றைத் தாண்டியாயிற்று, ஆனாலும் வெடிக்கவில்லை. நியூட்ரான்களை விழுங்கும் காட்மியக் கழிகளை உள்ளே தள்ளி நிதானமாக நிறுத்தினார்கள். எப்படி முடிந்தது?

ஒரு தலைமுறைக்கு ஆயிரத்தில் ஒரு நொடி, பெருக்கம் 1.001 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பத்து நொடியில் சுமார் 22,000 மடங்கு. எந்த மனிதக் கையும் அதற்கு ஈடுகொடுக்காது. ஆனால் யுரேனியம்-235 பிளக்கும்போது வரும் நியூட்ரான்களில் ஆயிரத்துக்கு ஆறு ஏழு மட்டும் உடனே வருவதில்லை. சில நொடி, சில சமயம் ஒரு நிமிடம்கூடத் தள்ளி வரும். தாமத நியூட்ரான்கள். 1.0006 மாதிரி சின்ன மீறலில் மொத்தத் தொடர்வினையும் இந்தச் சிறுபான்மைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதனால் வேகம் நிமிடக்கணக்குக்கு இறங்கிவிடுகிறது. கழியைத் தள்ள நேரம் கிடைக்கிறது. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத ஒரு கூட்டம் உலையை மனிதன் கைக்குள் வைத்திருக்கிறது. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

வாட்ஸ்அப் 2019 ஜனவரியில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி உலகம் முழுக்க மாற்றியது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்திகளுக்கு ஒரே ஓர் இடம்தான் என்றது. அப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. செய்தியில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. பெருக்கத்தைக் குறைத்தார்கள், ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் நேரத்தைச் சேர்த்தார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். காணாமல்போன ஒரு குழந்தையின் படம், கீழே ஒரு போன் நம்பர். ஒரு குழுவில் வந்தது, யோசித்தேன். சிறிது நேரத்தில் இன்னொரு குழுவில் வந்தது. மூன்றாவதிலும் வந்ததும், மூன்று இடத்தில் சொல்கிறார்களே, உண்மைதான் என்று அனுப்பிவிட்டேன். மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லவில்லை. ஒரே செய்தி மூன்று சுற்று சுற்றி என் மைக்குக்குள் வந்திருக்கிறது. அந்தக் குழந்தை கிடைத்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அந்த நம்பருக்கு இன்னும் அழைப்பு போய்க்கொண்டிருந்திருக்கும். அந்த வீட்டில் போன் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது அப்படி எது வந்தாலும் நட்சத்திரம் போட்டு வைத்துவிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் திறக்கிறேன். போன வாரம் அப்படி வைத்த ஒன்றுக்கு, நான் திறக்கும் முன்பே அதே குழுவில் ஒருவர் மறுப்பு போட்டிருந்தார்.

மைக்கை ஸ்பீக்கருக்குப் பின்னால் கொண்டுபோகிறேன், பாருங்கள். வால்யூமை முதலில் கூவிய அதே அளவுக்கு ஏற்றுகிறேன். இன்னும் கொஞ்சம்கூட ஏற்றுகிறேன். கூவுகிறதா? என் குரல் மட்டும்தானே கேட்கிறது? அடுத்த வீடியோவில் இதே மைக்கோடு எதிர் பின்னூட்டம் பற்றிப் பேசுகிறேன்.