காணாமல் போக முடியாத ஓட்டக்காரன்

(ஓட்டப் பிரியர்களின் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். வேகத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. அதனால் மழையைப் பற்றிப் பேசுகிறேன்.

ஜப்பானின் கியூஷு தீவில், குமமோட்டோ மாகாணத்தில், தமானா என்ற ஊர்ப் பக்கம் வேலைக்காகப் போயிருந்தேன். மாரத்தான் ஓட்டக்காரர் ஷிசோ கனகுரி அந்த வட்டாரத்துக்காரர்தான். 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் ஓடினார். அன்று கொடும் வெயில். ஓடியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் முடித்தார்கள். போர்த்துகல் வீரர் ஒருவர் இறந்தே போனார். கனகுரி வழியில் சுருண்டு, ஒரு வீட்டுத் தோட்டத்தில் இளைப்பாறி, யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். ஸ்வீடன்காரர்களுக்கு அவர் 'காணாமல் போன ஓட்டக்காரர்'. 1920இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் மாரத்தானில் பதினாறாவதாக வந்தவர் எப்படிக் காணாமல் போனார் என்று கேட்காதீர்கள், நல்ல கதை கெட்டுவிடும். 1967இல் அவரை அழைத்து எல்லைக்கோட்டைத் தாண்ட வைத்தார்கள். நேரம்: 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், சொச்சம்.

அந்த ஊர்ப் பக்கம், ஒரு மார்ச் ஞாயிறு, அரை மாரத்தான். 21.0975 கிலோமீட்டர். கடுகு இனத்து மஞ்சள் பூக்கள் பூக்கும் நாட்களில் விடாது பெய்யும் மழைக்கு 'நதனே ஸுயு' என்று அங்கே பெயரே உண்டு. போட்டி தள்ளிப்போகும் என்று முந்தின இரவு சந்தோஷமாகத் தூங்கினேன். காலையில் போனால், ஆயிரம் பேர் பிளாஸ்டிக் அங்கியில் வரிசையாக நிற்கிறார்கள்! என் நெஞ்சில் எண் அட்டை, அதில் கட்டகானா என்ற ஜப்பானிய எழுத்தில் என் பெயர். கூட்டத்தில் ஒரே கறுப்பு முகம் நான்தான்.

வயல் வரப்பு, கோதுமைப் பச்சை, ஸ்ட்ராபெர்ரி வளரும் பாலித்தீன் கூடாரங்கள். வாசலுக்கு வாசல் குடை பிடித்த பாட்டிமார்கள் "கன்பாரே!" என்கிறார்கள். விடாதே, முட்டிப் பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலர் அட்டையைப் பார்த்து என் பெயரையே எழுத்துக்கூட்டிக் கத்தினார்கள்.

பதின்மூன்றாவது கிலோமீட்டரில் காலணி இரண்டும் தண்ணீர்க் குடம். ஒரு கூடாரத்தின் பின்னால் ஒதுங்கினேன். கனகுரியே காணாமல் போனார், நான் போனால் என்ன? ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பாட்டி வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். உள்ளே போய் மூன்று ஸ்ட்ராபெர்ரி கொண்டுவந்து கையில் வைத்தார். அப்புறம், என் தலைக்குமேல் குடை பிடித்து, சாலை வரை நடத்திக்கொண்டுபோய் விட்டார். தோட்டத்தில் ஒளிய விடமாட்டார்கள் போலிருக்கிறது!

அங்கே 'கன்மோன்' என்று ஒரு விஷயம் உண்டு. குறிப்பிட்ட தூரத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் கடக்காவிட்டால் கயிறு கட்டிவிடுவார்கள். பின்னால் வரும் பேருந்தில் ஏற வேண்டியதுதான். சிரித்த முகத்தோடு, குனிந்து வணங்கித்தான் ஏற்றுவார்கள், ஆனால் ஒரு நொடி கூடத் தரமாட்டார்கள். கடைசி கன்மோனில் ஒரு பெரியவர் கயிற்றைக் கையில் பிடித்தபடி, "இன்னும் இரண்டு நிமிடம்!" என்று எனக்காகக் குதித்துக்கொண்டிருந்தார். தாண்டிவிட்டேன். முடிவில் ஒரு கிண்ணம் சூடான சூப். அதில் என்ன கறி என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் பலசரக்குக் கடையில், அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியிராத கல்லாப் பெண்மணி சில்லறை எண்ணிக்கொண்டே கேட்டார்: "காலணி காய்ந்ததா?"