சுரங்க நகரத்துக்கு வந்த அமைச்சகம்

வணக்கம் நேயர்களே.

போலந்தின் தெற்கே, சிலேசியாவில், காட்டோவிட்சே என்றொரு நகரம். 2018 டிசம்பரில் ஐ.நா. பருவநிலை மாநாடு கூடிய ஊர். மாநாடு நடந்த மையம் இருக்கும் நிலம் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம். பக்கத்திலுள்ள சிலேசிய அருங்காட்சியகமும் அதே சுரங்கத்து மண்ணில்தான் எழுந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு நிலக்கரி என்றால் தாத்தாவும் அப்பாவும் பார்த்த வேலை. 1981 டிசம்பரில், ராணுவச் சட்டம் வந்த சில நாட்களில், அங்குள்ள வூயெக் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த 9 தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுரங்கத் தொழிலாளியின் பேச்சை அலட்சியம் செய்ய எந்த அரசும் யோசிக்கும் இடம் அது.

அந்த நகரத்தின் பொருளாதாரப் பல்கலைக்கழகத்தில் எரிசக்திச் சட்டப் பேராசிரியராக இருந்து, பிறகு போலந்தின் தொழில் அமைச்சரானவர் மாஷெனா சார்னெட்ஸ்கா. மின்சாரச் சட்டம் சொல்லித்தருகிற எனக்கு, இவருடைய பயணத்தைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

எரிசக்திச் சட்டம் என்றால் என்ன? மின்கட்டணத்தை யார் முடிவு செய்வது, ஒருவருடைய கம்பியில் இன்னொருவர் மின்சாரம் அனுப்பலாமா, வாடிக்கையாளர் கம்பெனியை மாற்ற நினைத்தால் தடுக்கலாமா, இவைதான். போலந்தில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1997 ஏப்ரல் 10 அன்று வந்தது. கட்டணத்துக்கு ஒப்புதல் தர ஓர் ஒழுங்குமுறை அமைப்பும் அதோடு பிறந்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தார்கள்; ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸிலிருந்து புதுப்புது விதிகள் வந்தபடி இருந்தன, சட்டமும் ஓயாமல் திருத்தப்பட்டது. நேற்று நடத்திய பாடம் இன்று பழசாகிவிடும். இதில் வருடக்கணக்காக ஊறியவருக்கு ஒரு பழக்கம் வந்துவிடும்: ஒரு வாக்குறுதியைக் கேட்டதுமே, இதற்குப் பணம் யார் தருவது, அதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று பார்ப்பார். அமைச்சரவையில் அப்படி ஒருவர் இருப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

2023 அக்டோபர் தேர்தலுக்குப் பின் டொனால்ட் டஸ்க் மறுபடி பிரதமரானார். டிசம்பர் 13 அன்று பதவியேற்ற அவருடைய அமைச்சரவையில் சார்னெட்ஸ்காவும் இருந்தார். ஆனால் அவருக்கான துறை அப்போது பிறக்கவே இல்லை. 2024 மார்ச்சில்தான் தொழில் அமைச்சகம் உருவானது. மற்ற அமைச்சகங்கள் எல்லாம் வார்சாவில் இருக்க, இதற்கு மட்டும் காட்டோவிட்சேயில் தலைமையகம்! தலைநகரிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். நிலக்கரியைப் பற்றிய முடிவு நிலக்கரி ஊரில் எடுக்கப்படட்டும் என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சரி, அவர் மேஜையில் என்ன காத்திருந்தது? 2021 மே மாதம் அரசும் தொழிற்சங்கங்களும் அதே காட்டோவிட்சேயில் போட்ட ஒப்பந்தம். சுரங்கங்களைப் படிப்படியாக மூடுவது, கடைசிச் சுரங்கம் 2049-ல் மூடப்படுவது, அதுவரை அரசு மானியம் தருவது. 2049 ஏதோ தொலைதூரத்து வருடம் போலத் தோன்றும். ஆனால் 2024-ல் 20 வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிய பையனுக்கு அப்போது 45 வயதுதான் ஆகியிருக்கும். அப்புறம் அவன் என்ன செய்வான்? இன்னொரு பக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓர் அரசு தன் விருப்பப்படி ஒரு தொழிலுக்கு மானியம் கொடுத்துவிட முடியாது. ஐரோப்பிய ஆணையத்தின் அனுமதி வேண்டும். தொழிலாளிக்குக் கொடுத்த வாக்கும் பிரஸ்ஸல்ஸின் விதியும் ஒரே கோப்பில் வந்து நிற்கின்றன. அரசியல் பேச்சால் மட்டும் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது, சட்டம் தெரிந்த கை வேண்டும்.

அணுமின் திட்டமும் இதே அமைச்சகத்திடம் வந்தது. பால்டிக் கடலோரம் லுபியாடோவோ–கொபலினோ என்ற இடத்தில் அமெரிக்க நிறுவனமான வெஸ்டிங்ஹவுஸின் ஏ.பி.1000 வகை அணு உலைகள் 3, மொத்தம் 3,750 மெகாவாட். போலந்தின் முதல் அணுமின் நிலையம் இது. அரசு இதில் போடத் தீர்மானித்த முதலீடு சுமார் 60 பில்லியன் ஸ்வோட்டி (போலந்து நாணயம்). இங்கும் அதே கேள்விதான்: அரசு தரும் உதவி சட்டப்படி செல்லுமா? 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் விரிவான விசாரணையைத் தொடங்கியது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நிலக்கரி, எரிவாயு, அணுமின்சாரம் சார்னெட்ஸ்காவின் பக்கம். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பருவநிலை அமைச்சகத்தின் பக்கம். மின்சாரமோ ஒரே கம்பியில்தான் ஓடுகிறது. நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் இன்னும் நிலக்கரியிலிருந்து வரும்போது, அதைக் குறைக்கும் வேலையும் மாற்றைக் கூட்டும் வேலையும் இரண்டு அமைச்சர்களிடம் பிரிந்து கிடந்தது தவறு என்றே நினைக்கிறேன்.

2025 ஜூலையில் டஸ்க் அமைச்சரவையை மாற்றியபோது இது சரிசெய்யப்பட்டது. எரிசக்தி அமைச்சகம் என்று ஒன்று வந்தது, மிவோஷ் மோட்டிகா பொறுப்பேற்றார். தொழில் அமைச்சகம் மறைந்தது. சார்னெட்ஸ்காவின் பதவியும் அதோடு முடிந்தது. அமைச்சகம் வாழ்ந்தது ஏறக்குறைய 17 மாதம். துறைகளைச் சேர்த்தது சரியான முடிவு. அதற்காகச் சிலேசியாவின் ஒரு பேராசிரியரை இழந்திருக்க வேண்டுமா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. சுரங்க ஒப்பந்தத்தின் கெடுவுக்கு அப்போதும் 24 வருடம் பாக்கி இருந்தது.

நன்றி, வணக்கம்.