கியர்பொக்ஸை இறக்குவதற்கு முதல்

நேயர்களுக்கு வணக்கம். கியர் தானாக மாறுகிற ஒட்டோ கியர் வாகனங்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு நெடுநாளாக ஒரே ஒரு வழக்குத்தான்: வயரைப் பார்க்காமல் கியர்பொக்ஸை இறக்குகிறார்கள். அதைத்தான் பேசப்போகிறேன்.

நிறுத்தி எடுக்கும்போது வாகனம் இழுக்காது, ஓட்டம் பிடித்த பிறகு சரியாகிவிடும். சிலதில் கியர் மாறும்போது முதுகில் ஒரு உதை விழும். டாஷ்போர்ட்டில் ஓ.டி. ஓஃப் (ஓவர்டிரைவ் ஓஃப்) லைட் தானாக மினுங்கும். உடனே பக்கத்தில் நிற்பவர் சொல்லுவார்: "கியர்பொக்ஸ் போட்டுது!"

பொறுங்கள். குளத்துக்குக் கீழே வயல் செய்கிற ஆட்களுக்கு இதற்குப் படம் கீறிக் காட்டத் தேவையில்லை. கியர்பொக்ஸுக்குள் ஓடுகிற ஒயில்தான் தண்ணீர். கிளச்சுகள் வயல்கள். எந்தக் கிளச்சுக்கு ஒயில் அமுக்கத்தோடு போகிறதோ, அதற்குரிய கியர் விழும். துருசைத் திறந்து பூட்டுகிறவர்தான் சொலினோய்ட். ஒரு கம்பிச்சுருள், உள்ளே சின்ன இரும்புத் தண்டு, ஒரு ஸ்பிரிங். வாகனத்தின் கம்பியூட்டர் கரண்ட் அனுப்பினால் தண்டு நகரும், ஒயிலின் வழி மாறும். இப்போது கடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. வயலையா கிண்டிப் பார்ப்போம்? திறக்கச் சொல்லித் தகவல் போனதா, ஆள் திறந்தாரா, வாய்க்காலில் அடைப்பா என்று மேலிருந்துதானே பார்த்துக்கொண்டு வருவோம்? இங்கேயும் அதே ஒழுங்குதான். முதலில் வயர், பிறகு சொலினோய்ட், அதற்குப் பிறகுதான் உள்வேலை.

ஒரு மாரியில் புதுக்குடியிருப்புப் பக்கத்து ரீச்சர் ஒருவர் பழைய டொயோட்டா ஒன்றோடு வந்தார். "தம்பி, கியர்பொக்ஸ் மாத்தத்தான் வேணுமாம்" என்றார். அவர் முதலில் காட்டிய இடத்தில் றீகண்டிஷன் கியர்பொக்ஸுக்கு விலையும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தக் காலத்து டொயோட்டாக்களில் ஸ்கானர் இல்லாமலே கோட், அதாவது கம்பியூட்டர் பதிந்துவைக்கிற பிழை இலக்கம், பார்க்கலாம். பொனட்டுக்குக் கீழே உள்ள செக் பெட்டியில் டி.இ.1, இ.1 என்ற இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். ஓ.டி. ஓஃப் லைட் மினுங்கும். எண்ணினோம். ஆறு தரம், சின்ன இடைவெளி, இரண்டு தரம். 62. பேனை வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்: 62 என்றால் முதலாம் சொலினோய்ட், 63 என்றால் இரண்டாவது. புதிய வாகனங்களில் ஸ்கானர் பி 0750, பி 0755 என்று காட்டும்.

கோட் வந்தவுடன் சொலினோய்ட் வாங்க ஓடுகிறார்கள். அதுவும் சரியில்லை. அந்த இலக்கம் சொல்வது ஒரு சுற்றில் பிழை என்று மட்டுந்தான். அந்தச் சுற்றில் வயரும் இருக்கிறது, பிளக்கும் இருக்கிறது. ஆகவே பிளக்கைக் கழற்றி, மீற்றரின் ஒரு முனையைச் சொலினோய்ட் பின்னிலும் மற்றதைக் கியர்பொக்ஸ் உடம்பிலும் வைத்தோம். கம்பிச்சுருளின் தடை இந்த வகைக்கு 11 முதல் 15 ஓம் வரை காட்டவேண்டும். காட்டியது. சொலினோய்ட் கம்பிச்சுருளில் குறையில்லை.

அப்படியானால் வயர். பற்றறித் தட்டுக்குக் கீழே போகிற கட்டில் டேப்பை உரித்தோம். வெளியே பார்க்க உறை நல்லாகத்தான் இருந்தது. விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டது. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு இல்லை, பச்சைத் தூள். பற்றறி அசிட்டும் மழைத்தண்ணீரும் சேர்ந்து தின்றுவிட்டன. ஒரு சாண் புது வயர் வைத்து ஈயம் பற்றவைத்தோம், வேலை முடிந்தது. ரீச்சர் அந்தப் பழைய துண்டைக் கடதாசியில் சுற்றி வாங்கிக்கொண்டார். முதலில் போன இடத்தில் காட்டவாம்! (மாமரத்துக்குக் கீழே வாகனம் விடுகிறவர்கள் எலியையும் அணிலையும் மறக்கவேண்டாம், அவையும் வயரைக் கடிக்கும்.)

ஓடிப்பார்த்தும் பிரித்தறியலாம். பழைய நான்கு கியர் டொயோட்டாக்கள் பலவற்றில் சொலினோய்ட் பிளக்கைக் கழற்றிவிட்டு ஆளில்லா வீதியில் மெதுவாக ஓட்டுங்கள். கியர் லீவரை எல்லில் வைத்தால் முதலாம் கியர், இரண்டில் வைத்தால் மூன்றாம் கியர், டீயில் வைத்தால் நான்காம் கியர் கிடைத்தால் உள்ளே கிளச்சுகள் வேலை செய்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். பிழை கரண்ட் பக்கம். புதிய வாகனங்களில் இதைச் செய்யவேண்டாம்.

இன்னொரு தந்திரக்காரப் பிழையும் உண்டு. வவுனியாவில் இருந்து நல்லாக வரும். முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு எடுத்தால் இழுக்காது. சூட்டில் சுருளின் கம்பி விட்டுப்போகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. காலையில் கராச்சில் குளிரக் குளிர அளந்தால் ஓம் சரியாகத்தான் காட்டும். சூட்டோடு அளக்கவேண்டும். திரும்பவும் சொல்கிறேன், சூட்டோடு.

பொருளாதாரத் தடைக் காலத்தில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் வாகனம் ஓடிய மண் இது. ஒரு பாகத்தைத் தூக்கி எறிய முதல் நூறு தரம் யோசித்தவர்கள் நாங்கள். இப்போது ஏ-9 வீதியால் எல்லாம் வந்து இறங்குகிறது என்பதால் அந்த யோசனை குறைந்துவிட்டது. இதைப் பேசத் தொடங்கினால் நான் நிற்கமாட்டேன்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒயில் பற்றி விரிவாகச் சொல்லத்தான் எண்ணியிருந்தேன். சுருக்கமாக: ஓம் சரி, பற்றறிக் கரண்ட் கொடுத்தால் டிக் என்று சத்தமும் வருகிறது, வயரும் நல்லம் என்றால் உள்ளே ஊத்தை அடைத்திருக்கலாம். ஒயில் அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற, 5 ஓம் அளவில் காட்டுகிற அமுக்கச் சொலினோய்டுக்கு மட்டும் நேரே கரண்ட் கொடுக்காதீர்கள், எரிந்துவிடும். அந்தப் பழைய வகைகளில் அடித்தட்டைக் கழற்றியே சொலினோய்டை மாற்றலாம், கியர்பொக்ஸ் இறங்கத் தேவையில்லை. வெள்ளத்தில் இறங்கிய வாகனமென்றால் ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். பால் கலந்த ரோஸ் நிறமென்றால் தண்ணீர் போயிருக்கிறது, ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். முன் சில்லில் ஓடுகிற ஒட்டோ வாகனமென்றால் முன்பக்கத்தைத் தூக்கித்தான் இழுக்கவேண்டும். எஞ்சின் நின்றால் ஒயில் பம்பும் நின்றுவிடும், சில்லோடு சேர்ந்து சுற்றுகிற கியர்பொக்ஸுக்கு ஒயில் போகாது. வணக்கம்.