இலையாடையும் தோலுடையும்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அன்பர்களே, வணக்கம். ஏதேன் தோட்டத்துக் கதையில் ஓங்கி நிற்பது தண்டனையா, மீட்பா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி தண்டனைதான் என்று அடித்துச் சொன்னார். "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்று அவர் வாசித்தபோது அரங்கமே அமைதியாகிவிட்டது. எனக்கும் அந்த வசனம் நடுக்கம் தருவதுதான். சின்ன வயதில் ஞாயிறு பள்ளிச் சுவரில் சுடரும் வாளோடு ஏதேனைக் காக்கும் ஒரு தூதனின் படம் இருக்கும், அதைப் பார்க்கப் பயந்து தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போவேன்.

ஆனால் சகோதரி, இந்தக் கதை வரும் பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் 3-ஆம் அதிகாரத்தை வரிசை மாறாமல் படியுங்கள். ஆதாமும் ஏவாளும் விலக்கப்பட்ட பழத்தைத் தின்றார்கள், ஒளிந்துகொண்டார்கள், சரி. கடவுள் வந்து கேட்கிற முதல் வார்த்தை என்ன? "நீ எங்கே இருக்கிறாய்?" பொழுது சாய்ந்தும் வீடு திரும்பாத பிள்ளையைத் தெருவில் தேடுகிற தாயின் குரல் அல்லவா அது! அப்புறம் சாபம். பாம்பு சபிக்கப்படுகிறது, நிலம் சபிக்கப்படுகிறது, ஆதாமையோ ஏவாளையோ சபித்ததாக அங்கே ஒரு வரி கிடையாது. வேதனை உண்டு, வியர்வை உண்டு, மரணமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதையெல்லாம் அவர்களிடம் சொல்வதற்கு முன்பே, 15-ஆம் வசனத்திலேயே, பெண்ணின் வித்து பாம்பின் தலையை நசுக்கும் என்ற வாக்கு வந்துவிடுகிறது. அந்த வித்து, அதாவது வழித்தோன்றல், கிறிஸ்துவே என்று கொண்டு திருச்சபை அதை முதல் நற்செய்தி என்றே அழைக்கிறது.

நான் அடிக்கடி போய் நிற்கிற இடம் 21-ஆம் வசனம். அத்தி இலையைத் தைத்துக் கட்டியிருந்தார்கள், வெயில் பட்டால் சாயங்காலத்துக்குள் சருகாகிவிடும். வெளியே அனுப்பும் முன் கடவுள் தோலில் உடை செய்கிறார், செய்து "இந்தா" என்று நீட்டவில்லை, "அவர்களுக்கு உடுத்தினார்" என்றிருக்கிறது. தனக்குத் துரோகம் செய்தவர்களுக்குத் தன் கையாலேயே உடுத்திவிடுகிறார்!

பிறகு ஏன் துரத்தினார் என்று கேட்டீர்கள். ஜீவமரத்தின் கனியையும் தின்றால் அதே நிலையில் என்றென்றைக்கும் வாழ வேண்டியிருக்கும். மனிதன் முடிவில்லாமல் பாவியாகவே கிடந்துவிடக் கூடாது என்று இரங்கித்தான் வெளியே அனுப்பினார் என்று 2-ஆம் நூற்றாண்டிலேயே லியோன் நகர ஆயர் இரேனியுஸ் எழுதிவிட்டார். கிறிஸ்துவின் அப்போஸ்தலரான பவுலும் ரோமருக்கு எழுதும்போது ஆதாமையும் கிறிஸ்துவையும் தராசில் சரிசமமாக நிறுத்தவில்லை, "பாவம் பெருகின இடத்தில் கிருபை அதிகமாய்ப் பெருகிற்று" என்கிறார்.

இஸ்தான்புல்லில் கோரா ஆலயம் என்று ஒன்று உண்டு, இப்போது அது மசூதி. அங்கே 14-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்றில், உயிர்த்த கிறிஸ்து பாதாளத்தின் கதவுகளை மிதித்துக்கொண்டு நிற்கிறார், காலடியில் பூட்டுகள் சிதறிக் கிடக்கின்றன, இந்தப் பக்கம் ஆதாம், அந்தப் பக்கம் ஏவாள், இருவரையும் கல்லறையிலிருந்து இழுத்துத் தூக்குகிறார். நடுவர் அவர்களே, அவர் பிடித்திருப்பது அவர்களுடைய விரல்களை அல்ல, மணிக்கட்டை. அவர்கள் கை தளர்ந்தாலும் அவர் பிடி நழுவாது.